ஏக்கருக்கு எத்தனை மூட்டை, ஆளுக்கு எத்தனை பிடி?

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் கல்லூரியில் ஒரு கருத்தரங்கு நடந்தது. 'வேளாண் உற்பத்தித்திறனும் வறுமை ஒழிப்பும்' என்பது தலைப்பு. பொருளியல் துறை நடத்திய நிகழ்ச்சி. தமிழ்த் துறைக்காரியான எனக்கு வரவேற்புரை சொல்லும் வேலை. சிறப்பு விருந்தினர், வரப்பில் தொடங்கி அரசனில் முடியும் ஔவையின் வாழ்த்தைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கினார். விளைச்சல் ஏறினால் உழவனுக்கு வருமானம் ஏறும், சந்தையில் அரிசி விலை இறங்கும், கூலி ஆளுக்கு வேலை கூடும், வறுமை தானாக விலகும் என்றார். திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டே போனது.

கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். முதுகலை முதலாமாண்டு. "எங்க அம்மா முப்பது வருசமா நடவு நடுறாங்க சார். அந்தக் கோடு ஏறுன முப்பது வருசமும் அவங்க வயல்லதான் நின்னாங்க. எங்க வீட்ல மட்டும் ஏன் சார் ஏறல?" என்று கேட்டாள். அரங்கில் சிரிப்பு. விருந்தினரும் சிரித்துவிட்டு, "நீ நல்லாப் படிம்மா, உங்க வீட்லயும் ஏறும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தக் கைதட்டலுக்காக வெட்கப்பட்டுத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் அவர் சொன்னதில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்கிறேன். 1950-51இல் இந்தியாவில் ஒரு ஹெக்டேரில் விளைந்த அரிசி சராசரியாக 668 கிலோ. 2020-21இல் அது 2,700 கிலோவைத் தாண்டியது. நான்கு மடங்கு. வெளிநாட்டுக் கப்பலை எதிர்பார்த்துச் சோறு தின்ற நாடு இன்று அரிசி ஏற்றுமதி செய்கிறது. மற்றத் துறைகளின் வளர்ச்சியைவிட வேளாண்மையிலிருந்து வரும் வளர்ச்சி, வறுமையைக் குறைப்பதில் குறைந்தது இரண்டு மடங்கு பலன் தருகிறது என்று உலக வங்கியின் 2008ஆம் ஆண்டு உலக வளர்ச்சி அறிக்கை சொன்னது. அதை மறுக்க நான் வரவில்லை. பஞ்சக் கதைகளைக் கேட்டு வளர்ந்த எவளும் விளைச்சலை எதிர்த்துப் பேச மாட்டாள்.

ஆனால் 'விளைச்சல் வறுமையைப் போக்கும்' என்ற வாக்கியத்தைத் தமிழாசிரியையாக ஒருமுறை பிரித்துப் பார்க்கிறேன். எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது. யாருடைய விளைச்சல், யாருடைய வறுமை என்பது இல்லை. நடுவில் இருக்கும் நிலமும் கூலியும் சாதியும் குடும்பமும் அந்த வாக்கியத்தில் ஒளிந்துகொள்கின்றன.

பள்ளியில் பின்னம் படித்திருப்பீர்கள். மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. உற்பத்தித்திறனும் ஒரு பின்னம்தான். மேலே நெல், கீழே நிலம். ஹெக்டேருக்கு இத்தனை கிலோ, ஏக்கருக்கு இத்தனை மூட்டை. கீழே நிலம் இருப்பதால் வரும் விடை நிலம் வைத்திருப்பவரின் விடை. அந்த நிலத்தில் குனிந்து நின்றவள் தொகுதியிலும் இல்லை, பகுதியிலும் இல்லை. அதே நெல்லை, நட்டு, களை பறித்து, அறுத்த பெண்களின் நாள்களால் வகுத்து, ஒரு நாளுக்கு அவள் கைக்கு எத்தனை பிடி வந்தது என்று கேட்டால் வேறு கோடு கிடைக்கும். அந்தக் கோட்டை எந்தக் கருத்தரங்கிலும் நான் பார்த்ததில்லை.

இந்தக் கணக்கைப் பார்க்க நான் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நான் காவிரிப் படுகைக்காரி. 1960இல் இந்தியா முழுவதிலும் ஏழு மாவட்டங்களைத் தேர்ந்து தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அதில் ஒன்று பழைய தஞ்சை மாவட்டம். விதை, உரம், பூச்சிமருந்து, கடன் எல்லாம் ஒன்றாக வந்தன. ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி. 27 வந்தது. 1966இல் பிலிப்பைன்ஸின் நெல் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஐ.ஆர். 8 வந்தது. குறுவையும் தாளடியும் பெருகின. விளைச்சல் ஏறினால் கூலியும் ஏற வேண்டும் என்று வயலில் நின்றவர்கள் நினைத்தார்கள். விருந்தினர் திரையில் காட்டிய அதே பொருளியலைத்தான் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து அவர்களும் பேசினார்கள். கூடுதலாகக் கேட்டது அரைப்படி நெல் என்று இன்றும் ஊரில் சொல்கிறார்கள்.

அந்தக் கோரிக்கையை எதிர்த்து நின்ற மிராசுதாரர்களின் அமைப்புக்கு என்ன பெயர் தெரியுமா? நெல் உற்பத்தியாளர் சங்கம். சேற்றில் கால் வைத்தவர்கள் கூலிகள், வரப்பில் குடை பிடித்தவர்கள் உற்பத்தியாளர்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 தலித் மக்கள் எரிக்கப்பட்டார்கள். ஆண்கள் தப்பி ஓடிய பிறகு, தங்களை ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று நம்பி அந்தக் குடிசைக்குள் ஒடுங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1973இல் உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தது.

பசுமைப் புரட்சி தோற்ற இடத்தில் இது நடக்கவில்லை, வென்ற இடத்தில் நடந்தது. விளைச்சல் ஏறியதால்தான் பங்கு பற்றிய கேள்வி எழுந்தது. அந்தக் கேள்விக்கு நெருப்பால் பதில் சொன்னார்கள். அதற்குப் பிறகு 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்தது ஐ.ஆர். 8 அல்ல. செத்தவர்களும் சங்கமும் கொண்டுவந்தார்கள்.

அரிசி விலை இறங்கியதே, அது ஏழைக்கு லாபம் இல்லையா என்று கேட்பீர்கள். லாபம்தான். ஆனால் களத்து நெல் தானாக நடந்து ஏழை வீட்டு உலைக்கு வரவில்லை. 1967 தேர்தலில் ரூபாய்க்குப் படி அரிசி என்ற பேச்சும், பிறகு தெருவுக்குத் தெரு வந்த ரேஷன் கடையும், 2011 முதல் தரப்படும் விலையில்லா அரிசியும் அதைக் கொண்டுவந்தன. அத்தனையும் ஓட்டுப் போட்ட மக்கள் அழுத்தி வாங்கிய அரசியல் முடிவுகள். அப்படி வந்த அரிசியும் வயிற்றை நிரப்புகிறதே தவிர உடம்பைத் தேற்றவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 விழுக்காடு. நான்கு மடங்கு நெல் விளைவிக்கும் நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இரத்தம் போதவில்லை. கடைசியாக, மிஞ்சியதை, பெரும்பாலும் வெறும் சோற்றைச் சாப்பிடும் உடம்பு அது. விளைச்சல் புள்ளிவிவரம் அடுப்பங்கரை வாசலோடு நின்றுவிடுகிறது.

அடுத்து, 'வேலை கூடும்' என்ற வாக்குறுதி. முதலில் கூடத்தான் செய்தது. இரண்டு போகம் என்றால் இரண்டு நடவு, இரண்டு களை, இரண்டு அறுப்பு. பிறகு ஒவ்வொன்றாகப் போனது. நெல் குத்தும் வேலையை அரிசி ஆலை எடுத்துக்கொண்டது. களையைக் களைக்கொல்லி எடுத்துக்கொண்டது. அறுப்பையும் அடிப்பையும் மிஷின் எடுத்துக்கொண்டது. ஒரு கும்பல் நாள் முழுக்க அறுத்த ஏக்கரை மிஷின் ஒரு மணி நேரத்தில் முடிக்கிறது. ஓட்டுகிறவர் ஆண், உதவிக்கு வருகிறவர் ஆண், வாடகை பேசுகிறவர் ஆண். முன்பு களத்தில் மரக்காலால் அளந்து தந்த நெல், அறுத்தவள் வீட்டில் சில மாதச் சோறாக இருந்தது. அறுப்புக்குப் பின் உதிர்ந்த கதிரைப் பொறுக்கிச் சேர்த்தது கிழவிகளின் சேமிப்பு. மிஷின் வந்தபின் இரண்டும் இல்லை. இப்போது நடவுக்கும் இயந்திரம் வருகிறது.

இயந்திரத்தை நான் எதிர்க்கவில்லை. நாள் முழுக்க முதுகை வளைத்து, சேற்றுப்புண்ணோடு வீடு திரும்பும் வேலையைப் புனிதம் என்று பாடுவதற்குக் கவிஞர்கள் வெட்கப்பட வேண்டும். முதுகு நிமிரட்டும். ஆனால் அந்த இயந்திரத்தால் மிச்சமான கூலி யார் பையில் இருக்கிறது என்று கேட்கிறேன். வேலையிழந்த பெண்ணுக்கு அதில் ஒரு ரூபாய் உண்டா? இயந்திரம் ஓட்டும் பயிற்சிக்கு முதலில் அழைக்கப்பட்டவள் அவளா? உற்பத்தித்திறன் கூடியது என்று கொண்டாடும் நாளில், அவளது நாள்கள் குறைந்தன என்பதையும் அதே மேடையில் சொல்ல வேண்டாமா?

1982இல் ஜோன் மென்ஷரும் கே. சாரதாமணியும் நெல் வயல் பெண்களின் உழைப்பைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு 'சேற்றுக் கால்கள், அழுக்குக் கைகள்' என்ற பொருளில் தலைப்பு வைத்தார்கள். மென்ஷர் பிறகு தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நிலமற்ற குடும்பங்களின் வரவுசெலவைக் கணக்கிட்டு எழுதினார். ஆண் தன் கூலியில் ஒரு பங்கைத் தனக்கென்று வைத்துக்கொண்டு மீதியைத் தருகிறான். பெண் தன் கூலியைக் கிட்டத்தட்ட முழுவதுமாக வீட்டில் போடுகிறாள். நம் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த செய்திதான், ஆனால் கணக்காக வந்தபோது அதற்கு வேறு பலம் வந்தது. அப்படியானால் ஒரு பெண்ணின் ஒரு நாள் வேலை போவது, ஒரு வீட்டின் ஒரு நாள் சோறு போவது. ஏக்கர்க் கணக்கு இதைக் காட்டாது.

கூலியிலும் வஞ்சகம் உண்டு. சம ஊதியச் சட்டம் 1976இல் வந்துவிட்டது. வயலில் அதற்கு எளிய வழி கண்டுபிடித்தார்கள். உழுவது, வரப்பு வெட்டுவது ஆண் வேலை. நடுவது, களை பறிப்பது பெண் வேலை. வேலையே வேறு என்றால் கூலியும் வேறு. நடவு நட்ட பெண் சாயங்காலம் போய்ச் சமைத்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, மறுநாள் விடியலில் நாற்றங்காலில் நிற்கும்வரை செய்ததெல்லாம் எந்த ஏட்டிலும் ஏறாது.

இதையெல்லாம் யாரோ ஊர்ப் பெரியவர்கள் செய்த அநீதியாக எழுதிவிட்டு நான் நல்லவளாகத் தப்பிவிடலாம். முடியாது. எங்கள் குடும்பம் நான்கு ஏக்கர்க் குடும்பம். அம்மா விதைநெல்லை ஊறப்போட்டு முளைகட்டுவாள். ஆள் கூப்பிடுவாள். வரப்பில் நின்று நடவைப் பார்ப்பாள், பிறகு சேற்றில் இறங்கித் தானும் நடுவாள். அதே அம்மா, தெற்குத் தெருவிலிருந்து வரும் நடவுப் பெண்களுக்குக் கூலியில் ஐந்து ரூபாயைக் குறைக்க அரைமணி நேரம் வாதாடுவாள். தன் வயதை ஒத்த பெண்ணை 'வாடி, போடி' என்பாள். அவர்களுக்கான டம்ளர் எங்கள் வீட்டுக் கொல்லையில் தனியாக இருந்தது. அப்படிக் குறைத்த கூலியும் என் படிப்புச் செலவில் சேர்ந்திருக்கிறது.

நான் முனைவர் பட்டம் வாங்கியது நடவுப் பாட்டில். ஊர் ஊராகப் போய், குனிந்து நின்ற பெண்கள் பாடியதை ஒலிப்பதிவு செய்தேன். "பாட்டுப் பாடினா கை வேகமா ஓடும்னு அய்யாமாருக்குச் சந்தோசம். கூலி என்னமோ அதேதான்" என்று ஒரு பாட்டி சொன்னார். அதை என் ஆய்வேட்டில் 'பாடலின் தொழிற்பயன்' என்ற உட்தலைப்பில் சேர்த்தேன். கூலி பற்றிய பகுதியை நெறியாளர் நீக்கச் சொன்னார், அது இலக்கியம் இல்லையாம். நீக்கினேன். பட்டம் வந்தது, பட்டத்தோடு ஊதிய உயர்வும் வந்தது. அந்தப் பாட்டிக்கு நான் கொடுத்தது ஒரு பொட்டலம் வெற்றிலை.

அப்பா இறந்த பிறகு நிலத்தைப் பதிய வேண்டியிருந்தது. சட்டம் என் பக்கம் இருந்தது. தமிழ்நாடு 1989இலேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்தது. அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் திருமணமானவர்களை அது விலக்கியது. 2005இன் மத்தியச் சட்டத் திருத்தம் மகள்களின் உரிமையை நாடு முழுவதற்கும் கொண்டுபோனது. இதையெல்லாம் வகுப்பில் சொல்கிறவள் நான். சார்பதிவாளர் அலுவலகத்தில் அண்ணன் ஒரு தாளை நீட்டினான். "எல்லாம் ஒரு முறைக்குத்தான்மா. உனக்குச் சீர் செஞ்சோம்ல" என்றார் பெரியப்பா. அம்மா முதலில் கையெழுத்துப் போட்டாள். பிறகு நான் போட்டேன். பங்கை விட்டுக்கொடுக்கும் அந்தத் தாளுக்குத் தமிழில் 'விடுதலைப் பத்திரம்' என்று பெயர். எங்கள் இருவரையும் எதிலிருந்து விடுவித்தார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அந்த ஆண்டு பின்பருவ மழையில் சம்பா சாய்ந்தது. நிவாரணத்துக்கு எழுதப் போன அம்மாவிடம் சிட்டா, அடங்கல் யார் பெயரில் என்று கேட்டார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் விவசாயம் பார்த்தவள், "மகன் பேர்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். அவள் நிலை இப்படியென்றால், பெயரில் சேர்க்கவே ஒரு குழி நிலம் இல்லாத தெற்குத் தெருப் பெண்ணின் நிலை என்ன? அவள் நட்ட பயிர் அழுகினாலும் அவளுக்கு நட்டமில்லை என்பதுதான் அரசின் கணக்கு.

நாடு முழுக்க இதுதான் நிலைமை. கிராமத்தில் வேலை செய்யும் பெண்களில் நான்கில் மூன்று பேர் வேளாண்மையில் இருக்கிறார்கள். ஆண்களில் பாதிப் பேர்தான். ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் சாகுபடி நிலத்தை நடத்துவோராகப் பதிவான பெண்கள் சுமார் 14 விழுக்காடு. நிலமற்ற கூலியாளையும் சேர்த்து விவசாயி என்று 2007இன் தேசிய விவசாயிகள் கொள்கை விளக்கம் தந்தது. பணம் கொடுக்கும் நேரத்தில் அந்த விளக்கம் காணாமல் போகிறது. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் கிசான் திட்டம், பெயரில் நிலம் உள்ள குடும்பத்துக்குத்தான். பசுமைப் புரட்சியின் முகமாகக் கொண்டாடப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதனே, பெண் விவசாயிகளுக்குச் சான்றிதழும் உரிமைகளும் வேண்டும் என்று மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 2013இல் அது காலாவதியானது. அவர் தந்த விதைகளை வரவேற்றவர்களுக்கு இந்த மசோதா வேண்டாததாகிவிட்டது.

பெண்ணுக்கு நிலம் வேண்டும் என்று பேசுகிறவர்களிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. ஆண்களுக்கு நிகரான வளங்களைப் பெண்களுக்குத் தந்தால் அவர்களது வயலில் 20 முதல் 30 விழுக்காடு விளைச்சல் கூடும், உலகில் பசித்திருப்போர் 12 முதல் 17 விழுக்காடு குறைவர் என்று 2011இல் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு சொன்னது. நல்ல செய்தி. ஆனால் மேடைகளில் இது எப்படி மாறுகிறது பாருங்கள். பெண்ணுக்கு நிலம் கொடுங்கள், ஏனென்றால் அதிகம் விளைவிப்பாள். ஆணுக்கு நிலம் எழுதும்போது யாராவது விளைச்சல் சான்றிதழ் கேட்டார்களா? தரிசாகப் போட்டாலும், சீட்டாட்டத்தில் தோற்றாலும் அது அவன் பங்கு. பெண் மட்டும் தன் உரிமைக்கு முன்பணமாக மூட்டைக் கணக்கு காட்ட வேண்டுமா? குறைவாக விளைவித்தாலும் எனக்கு என் பங்கு வேண்டும்.

நூறு நாள் வேலையைத் திட்டுகிற குரலிலும் இதே உற்பத்தித்திறன் பேச்சுதான் இருக்கிறது. 2005இன் வேலை உறுதிச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. தமிழ்நாட்டில் அந்த வேலை நாள்களில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் பெண்களுடையதாக இருந்தது. உடனே, ஆள் கிடைக்கவில்லை, பொம்பளைகள் மரத்தடியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்கள், விவசாயம் அழிகிறது, நடவுப் பருவத்தில் இதை நிறுத்துங்கள் என்று கூப்பாடு. என் அண்ணனும் சொல்வான், ஆசிரியர் ஓய்வறையில் என் சக பேராசிரியர்களும் சொல்வார்கள். அவர்களுக்கு வலித்தது எது என்று எனக்குத் தெரியும். முதல் முறையாக ஒரு நடவுப் பெண் "அந்தக் கூலிக்கு வர முடியாது" என்று சொல்லிவிட்டாள். வறுமை குறைவது என்றால் என்ன என்று கேட்டால் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் காட்டுவேன்.

மாற்று வழி இல்லை என்பதும் பொய். வெண்மணிக்குப் பிறகு அந்தப் பகுதிக்கு வந்து தங்கி உழைத்தவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். அவரும் கணவரும் 1981இல் தொடங்கிய லாஃப்டி இயக்கம், நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தை வாங்கிக் கொடுத்தது. பத்திரங்களைப் பெண்கள் பெயரில் எழுதியது. பின்னத்தின் கீழே இருக்கும் நிலத்தையே பெண்ணின் பெயருக்கு மாற்றிய வேலை அது. அதற்குப் பிறகு ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கேட்டால் அவளும் பதில் சொல்வாள்.

ஆகவே நான் கேட்பது இவைதான். விவசாயி யார் என்பதை நிலப்பத்திரம் தீர்மானிக்கக் கூடாது, உழைப்பு தீர்மானிக்கட்டும். புறம்போக்கும் உச்சவரம்பு நிலமும் பங்கிடப்படும்போது தலித் பெண்கள் பெயரில் பத்திரம் எழுதப்படட்டும். இயந்திரத்துக்கு மானியம் தரும் அரசு, அதை நடவுப் பெண்களின் குழுவுக்கு முதலில் தரட்டும். விளைச்சல் விருது அறிவிக்கும் மேடையில், அந்த மாவட்டத்துப் பெண்கூலி எவ்வளவு, அவர்களுக்கு எத்தனை நாள் வேலை கிடைத்தது என்பதையும் சேர்த்து வாசிக்கட்டும்.

படிக்கிற பெண்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அண்ணன் தாளை நீட்டும் நாள் வரும். பாசமாகத்தான் நீட்டுவான். கையெழுத்துப் போடாதீர்கள். பங்கு வாங்கிய பிறகு, அந்த வயலில் நடுகிறவளுக்கு என்ன கூலி தருகிறோம் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதை மறந்தால் நாமும் நெல் உற்பத்தியாளர் சங்கத்தில்தான் உறுப்பினர்.

அந்த மாணவி இப்போது படிப்பை முடித்துவிட்டாள். ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். போன தையில் சாலையில் பார்த்தேன். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "இடுப்பு வலிங்க மேடம். இந்த வருசம் நடவுக்கும் மிஷின் வந்துடுச்சு" என்றாள். சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அன்னைக்குக் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே மேடம்" என்றாள்.

நான் வரவேற்புரை சொன்ன அரங்கு அது. பதில் சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருத்தி.